“இதை நீதான் எழுதினியா?” – ஒரு பழைய கேள்வியின் கதை

கல்லூரி மொழித்துறைகளில் இன்று அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்தே அசைன்மென்ட் கட்டுரைகளின் நடை மாறிவிட்டதாக எனக்குத் தெரிந்த தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பிழை இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை, எல்லாப் பத்தியும் ஒரே நீளம், கடைசியில் தவறாமல் ஒரு நல்ல வார்த்தை. வாங்கிப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடுகிறது. வந்த சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இதை நேற்று வந்த வியாதி மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் “இது உன் எழுத்தா?” என்ற கேள்விக்குத் தமிழில் வயசு ரொம்ப ஜாஸ்தி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உட்கார்ந்துகொண்டு கல்வெட்டு, பழைய புத்தகம், பள்ளிக்கூட வரலாறு என்று குறிப்பெடுப்பவன். அந்தக் குறிப்புகளைப் புரட்டும்போது, இந்தக் கேள்வியை நம்ம ஆட்கள் எப்படிக் கேட்டார்கள், எப்போது கேட்பதை நிறுத்தினார்கள், இப்போது எப்படிக் கேட்கிறார்கள் என்று ஒரு கோடு தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

தருமியும் கச்சியப்பரும்

முதல் ஆள் யார் என்று சொல்லவே வேண்டாம். 1965ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தருமி சொந்தக்காரர் மாதிரி. மண்டபத்தில் யாரோ எழுதிக் கொடுத்த பாட்டு என்றாலே நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமி சிரிப்புக்கான ஆள் இல்லை. அப்பா அம்மா இல்லாத, கல்யாணத்துக்குக் காசில்லாத ஓர் ஏழைப் பையன். இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டோடு சங்கத்துக்குப் போகிறான். பாண்டியன் மகிழ்ந்து பொற்கிழியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். நக்கீரர் தடுக்கிறார்.

நக்கீரர் எதைச் சொல்லித் தடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். “இந்த நடை உனக்கு வராது, உன் மூஞ்சியைப் பார்த்தால் தெரிகிறது” என்று புராணத்து நக்கீரர் சொல்லவில்லை. பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்றார். குற்றம் சொன்னால் எழுதினவர் பதில் சொல்ல வேண்டும், அதுதான் சபை வழக்கம். தருமியால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே கோயிலுக்குத் திரும்பினான். அதற்கப்புறம் எழுதினவரே நேரில் வரவேண்டியதாயிற்று. பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதிலேயே, யார் எழுதியது என்ற விஷயமும் தானாக வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது கதை அவ்வளவு பிரபலம் இல்லை, ஆனால் நம்ம விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடிய கதை. 10,345 பாடல்கள் கொண்ட பெரிய நூல். முதல் அடியை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. தினம் நூறு பாட்டு எழுதிக் கருவறையில் வைத்துவிட்டுப் போவாராம், காலையில் வந்து பார்த்தால் திருத்தம் போட்டிருக்குமாம். இன்றைய பாஷையில் சொன்னால், முதல் வரியும் பிழை திருத்தமும் வெளியிலிருந்து வந்த உதவி.

நூல் அரங்கேறும் நாளில், முதல் செய்யுளின் முதல் சொற்புணர்ச்சிக்கே சபையில் ஒருவர் எழுந்து தடை சொன்னார். இப்படிச் சேர்வதற்கு இலக்கணத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கச்சியப்பரிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்த அடி அவருடையது இல்லையே! பத்தாயிரம் பாட்டு எழுதியவர், தனக்கு யாரோ கொடுத்த ஒரே அடியில் போய் மாட்டிக்கொண்டார். சபை அவரை விரட்டவில்லை. ஒரு நாள் அவகாசம் கொடுத்தது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழிய இலக்கண நூலைக் கொண்டுவந்து விதியைக் காட்டினார், அரங்கேற்றம் தொடர்ந்தது என்று கதை முடிகிறது.

இரண்டும் கதைதான், வரலாற்றுச் சான்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னுடைய சபையைப் பற்றி எப்படிக் கதை கட்டிக்கொண்டது என்பதற்குச் சான்று. அரங்கேற்றம் என்றால் இன்று பரதநாட்டிய மேடைதான் ஞாபகம் வருகிறது. நூல் அரங்கேற்றம் என்பது வேறு. எழுதினவர் படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, பாட்டுப் பாட்டாகப் பொருள் சொல்லி, தடை கேட்டால் விடை சொல்லி, தன் நூலைத் தானே நிலைநிறுத்த வேண்டும். ஏட்டை மட்டும் அனுப்பி வைத்தால் நடக்காது, ஆளும் கூட வரவேண்டும்.

கண்ணெதிரில் எழுதிக் காட்டு

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1880ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு 25 வயது உ.வே.சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெயரும், செட்டியாரின் சிபாரிசும் போதவில்லை. கல்லூரி ஆசிரியர்கள் முன்னால் பாட்டுக்குப் பொருள் சொல்லச் சொன்னார்கள், அங்கேயே செய்யுள் இயற்றிக் காட்டச் சொன்னார்கள். ‘என் சரித்திர’த்தில் அந்த நாளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். வேலை கிடைத்தது.

அடுத்தது நம்ம புதுச்சேரியிலேயே நடந்தது. 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கே இருந்தார். கனகசுப்புரத்தினம் என்ற இளம் தமிழாசிரியர் அவரிடம் வந்து போய்க்கொண்டிருந்தார். பாரதி நண்பர்கள் முன்னால் “பாடு” என்றார். இவர் அங்கேயே சக்தியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பு எழுதி ‘சுதேசமித்திர’னுக்கு அனுப்பினார் பாரதி. அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் பாரதிதாசன். இவனுக்கு எழுத வருமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது, நண்பர்கள் கண்ணெதிரில் பாட்டு உருவானதால்தான்.

அவதானம் செய்தவர்களையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார், அதை வைத்து வெண்பா முடிக்க வேண்டும். வீட்டில் எழுதிக்கொண்டு வரமுடியாதபடிதான் அந்த நிகழ்ச்சியின் அமைப்பே.

எங்கள் ஊர்க் கல்வெட்டு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், எங்கள் கொம்யூனில் திருபுவனை இருக்கிறது. அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1048ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. மாணவர்கள் 260 பேர், ஆசிரியர்கள் 12 பேர். அவர்கள் சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது: இவர்களை ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். படிக்கிறவனையும் படிப்பிக்கிறவனையும் வேறு வேலைக்கு இழுக்காதே என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய கெஸ்ட் லெக்சரர்கள் இதைப் படித்தால் அழுதுவிடுவார்கள்.

260ஐ 12ஆல் வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 22 பேருக்குக் கொஞ்சம் குறைவு. வாயால் சொல்லிக் கொடுத்து, வாயால் திருப்பிக் கேட்கும் படிப்பு. 22 பேரின் குரலும், யார் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். “இது உன்னுடையதா?” என்று தனியாகக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது எல்லோருக்குமான கல்லூரி இல்லை. வேதமும் சாத்திரமும் படிக்க பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த இடம். அந்த 260 பேருக்கு அளந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அந்த மண்டபத்துக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் மாணவனை முகம் பார்த்து அறிந்திருந்தார் என்று பெருமைப்படும்போது, எந்த முகங்களை அவர் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். இந்த இடம் பின்னால் மறுபடி தேவைப்படும்.

முகத்தை மறைத்த பரீட்சை

1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைத்தார்கள். ஆரம்ப காலத்தில் அது பாடமே நடத்தவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் அதன் வேலை. நேரடியாகப் பாடம் நடத்தப் பல்கலைக்கழகங்களுக்கு வழிசெய்தது 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதாவது சுமார் அரை நூற்றாண்டு, மாணவனை நேரில் பார்க்காத ஓர் அமைப்பு அவனுடைய தாளை மட்டும் பார்த்து அவன் யார் என்று முடிவு செய்தது. 1985ல் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நம்ம ஊர் அரசுக் கல்லூரிகளும் அந்தச் சென்னைக் குடைக்குக் கீழேதான் இருந்தன.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. சீனாவில் சோங் வம்சத்துக் காலத்திலேயே அரசாங்கத் தேர்வுத் தாளில் பெயரை ஒட்டி மறைத்தார்கள். கையெழுத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, தாளை முழுதாக எழுத்தர்களை வைத்துப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். நம்ம ஊர் ‘டம்மி நம்பர்’ அதே குடும்பம்தான். இன்னாருடைய பிள்ளை, இன்ன தெரு, இன்ன சாதி என்று தெரியாத கை திருத்துவதால்தான், திருபுவனைக் கல்லூரிக்குள் நுழைய முடியாதவர்களின் வம்சத்துப் பிள்ளைகள் பலர் பட்டம் வாங்கினார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். தாளையும் ஆளையும் பிரித்ததோடு, “இது உன் சொந்த வாக்கியமா?” என்ற கேள்வியும் தூங்கிப் போனது. பரீட்சை ஹாலில் உன் கையால் எழுதினால் போதும், அது உன்னுடையது. அந்த வாக்கியம் உன் தலையில் உருவானதா, வேறு யாரோ எழுதியதை நீ நெட்டுரு போட்டதா என்பது கணக்கில் இல்லை.

அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் கைடு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனாரின் பெயரில் பழனியப்பா பிரதர்ஸ் 1940களில் வெளியிடத் தொடங்கிய ‘கோனார் தமிழ் உரை’, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தேற்றிவிட்டது. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அது ஒரு வாத்தியார்தான், அதைப் பழிக்க எனக்கு மனசு வராது. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கேள்விக்கு ஒரே வாக்கியத்தை எழுதினார்கள், எல்லோரும் மார்க் வாங்கினார்கள். “முன்னுரை, பொருளுரை, முடிவுரை”, பத்தித் தலைப்புக்கு அடிக்கோடு, மேற்கோள் நடுவில், முடிவில் ஒரு நீதி. ஆங்கிலக் கட்டுரைக்கும் இதே அச்சுதான். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த சொல் வந்தால் அது நல்ல கட்டுரை என்று பயிற்சி கொடுத்தோம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் மோப்பம் பிடிக்கும் கதை

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்கள் பலவும், அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்பதையும் அளக்கின்றன. எதிர்பார்த்த சொல் எதிர்பார்த்த இடத்தில் வந்துகொண்டே இருந்தால் “மெஷின்” என்று சந்தேகப்படும். அதாவது, நாம் எதற்கு மார்க் போட்டோமோ அதையே அது குற்றம் என்கிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2023ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகவும் குறைவு. அடுத்துச் செய்ததுதான் வேடிக்கை. அதே 91 கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, தாய்மொழிக்காரர் மாதிரி சொற்களை மெருகேற்றச் சொன்னார்கள். “ஏஐ எழுதியது” என்ற முத்திரை 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சொந்தமாக எழுதினவன் திருடன், மெஷினிடம் கொடுத்து வாங்கினவன் யோக்கியன்!

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்துவிட்டது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது: முந்தைய ஆண்டு 75,000 கட்டுரைகள் வந்திருந்தன, நூற்றுக்கு ஒன்று தவறு என்று நிறுவனம் சொல்வதையே வைத்துக்கொண்டாலும் சுமார் 750 கட்டுரைகள் மீது அநியாயமாகப் பழி விழும்.

இந்தியாவில் 2018ல் யுஜிசி கொண்டுவந்த கருத்துத்திருட்டு விதிகள் நம்மை ஒரு பழக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டன. 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை ஒரு படி, 40 முதல் 60 வரை ஒரு படி, 60க்கு மேல் போனால் ஆய்வுப் பதிவே ரத்து. அங்கே சதவீதத்துக்குப் பின்னால் ஒரு மூல நூல் இருக்கும். இந்தப் பத்தி இந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் வைத்துக் காட்டலாம், மாணவன் மறுக்கலாம். ஏஐ சதவீதத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. “88 சதவீதம்” என்றால் எதனுடைய 88? ஹரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் இந்த எண்ணோடுதான் 2024ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய விடைத்தாள் 88 சதவீதம் ஏஐ என்று சொல்லி ஃபெயில் ஆக்கியிருந்தார்கள். வழக்கு இருக்கும்போதே பல்கலைக்கழகம் முடிவை மாற்றி அவரைத் தேர்ச்சி பெற வைத்தது.

நீதிமன்றம் வரை போகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் திருக்கனூர்ப் பக்கம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆங்கில மொழிப்பாடத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையில் பாதிக்கு மேல் ஏஐ என்று சாஃப்ட்வேர் சொல்லிவிட்டது. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

“சித்தப்பா, இத நான்தான் எழுதினேன். ரஃப் நோட்டுகூட இருக்கு. எப்படி நிரூபிக்கிறது?”

நான் கட்டுரையின் முதல் வாக்கியத்தைத் தொட்டு, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். பிளஸ் டூ கைடில் ஒரு கட்டுரை அப்படித்தான் ஆரம்பிக்கும், அதை மாற்றிப் போட்டேன் என்றாள். மூன்றாவது பத்தியில் வந்த ஒரு பெரிய சொல்லைக் கேட்டேன். டியூஷன் சார் அடிக்கடி சொல்வார், ஒரு தடவையாவது எழுதிப் பார்க்கணும்னு ஆசை, அதனால் போட்டேன் என்றாள். ஒரு வாக்கியத்தை எழுதி எழுதி அடித்திருந்ததைக் காட்டி, தான் நினைத்தது தமிழில் என்ன, ஆங்கிலத்தில் ஏன் வரவில்லை என்று விளக்கினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கல்லூரியில் யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. மறுபடி கையால் எழுதிக் கொடு என்றார்கள், எழுதினாள். இன்டர்னல் மார்க்கில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டார்கள். நீ எழுதியிருக்கிறாய் என்று யாரும் சொல்லவே இல்லை. இதற்கப்புறம் அவள் சொந்தமாக எழுத ஏன் மெனக்கெட வேண்டும்?

மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே மெஷினிடம் வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் கொடுக்கும் பிள்ளைகள் நிறைய. ஒருத்தனிடம் அவன் கட்டுரையிலேயே இருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதும், “அது… சும்மா வந்துச்சு சார்” என்றான் என்று ஓர் ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். அவனுக்கு சாஃப்ட்வேரே தேவைப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

பக்கத்திலேயே இருக்கும் வழி

வாயால் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது, கூட்டம் அதிகம் என்பார்கள். திருக்கனூரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில், புதுச்சேரி நகரத்தில் 1826ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இருக்கிறது. பிரெஞ்சு பக்கலோரேயா தேர்வுக்கு அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். 1808ல் நெப்போலியன் காலத்தில் அந்தத் தேர்வு உருவானபோது அது வாய்மொழித் தேர்வாகத்தான் இருந்தது. இன்றும் பிரெஞ்சு மொழிப்பாடத்துக்கு எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் தனியாக உண்டு. மாணவர் ஆண்டு முழுக்கப் படித்த பகுதிகளின் பட்டியலோடு போவார். தேர்வாளர் அதிலிருந்து ஒன்றைக் கொடுப்பார். 30 நிமிஷம் தயாராகி, 20 நிமிஷம் பேச வேண்டும், ஓர் இலக்கணக் கேள்வியும் உண்டு. ஒரு நாடு முழுக்க, அதன் வெளிநாட்டுப் பள்ளிகளிலும் சேர்த்து, வருஷா வருஷம் இதை நடத்துகிறார்கள்.

நமக்கு 20 நிமிஷம் வேண்டாம். ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் இதைச் செய்தாலும் போதும். சந்தேகப்பட்ட பிள்ளையைக் கூப்பிட்டு, ஹெச்ஓடி அறையில் நிற்க வைத்து, அப்பாவை அழைத்துவரச் சொல்லி அலையும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இது குறைவாகத்தான் இருக்கும்.

கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுதி அடித்த வாக்கியம் எது, ஏன் அடித்தாய்? இந்தச் சொல் எங்கே கிடைத்தது? உன் கருத்துக்கு எதிராக ஒருவர் பேசினால் என்ன சொல்வார்? எழுதின பிள்ளைக்கு இது மூன்றும் தெரியும், திக்கித் திணறியாவது சொல்லிவிடும்.

இங்கேதான் திருபுவனை விஷயம் மறுபடி வருகிறது. வாய்மொழி என்றாலே முகம் தெரியும், பேச்சு தெரியும், ஊர் தெரியும், பல நேரம் சாதியும் தெரியும். டம்மி நம்பர் கொடுத்த பாதுகாப்பு போய்விடும். நக்கீரர் இடத்தில் உட்காருகிறவருக்கு முன்முடிவு இருந்தால், கூச்ச சுபாவமுள்ள கிராமத்துப் பிள்ளைதான் முதலில் மாட்டும். அதனால் சில விஷயங்களைக் கறாராக வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சந்தேகப்பட்டவரை மட்டும் கேட்கக் கூடாது, வகுப்பில் எல்லோரையும் கேட்க வேண்டும். அப்போதுதான் அது விசாரணையாக மாறாது. கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மார்க் முழுவதையும் அந்தப் பேச்சில் வைக்கக் கூடாது. முக்கியமாக, ஆங்கிலக் கட்டுரையைப் பற்றித் தமிழில் விளக்க அனுமதிக்க வேண்டும். எழுதினாயா என்பதுதான் கேள்வி, இங்கிலீஷ் சரளமாகப் பேசுவாயா என்பது வேறு பரீட்சை.

இன்னொன்று: பதில் வரவில்லை என்றால் உடனே தீர்ப்பு எழுதக் கூடாது. கச்சியப்பருக்கும்தான் பதில் வரவில்லை. அந்த ஓர் அடி அவருடையது இல்லை என்பதால் மீதிப் பத்தாயிரமும் அவருடையது இல்லை என்று சபை முடிவு கட்டவில்லை. நாளைக்கு வந்து சொல் என்றது. கைடிலிருந்தோ மெஷினிடமிருந்தோ ஒரு வரி எடுத்த பிள்ளையிடமும் அப்படித்தான் பேச வேண்டும். எது உன்னுடையது, எது வாங்கியது, வாங்கியதை ஏன் வைத்தாய் என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்துக் கேட்டால், அந்தப் பிள்ளை அந்த ஒரு ராத்திரியில் கற்றுக்கொள்வது ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமமாக இருக்கும்.

நல்ல நடையில் எழுதின பிள்ளையைப் பார்த்து வரும் முதல் எண்ணம் “இவளுக்கு எங்கே இது வரும்?” என்பதாக இருந்தால், எந்த சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. காதால் கேட்கத் தயாராக இருக்கிற ஆசிரியருக்கு அது தேவையும் இல்லை.

திருபுவனைக்கு முன்பே, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செப்பேடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிய குறிப்புகள் பாதியில் நிற்கின்றன. அடுத்து அதை முடித்துப் போடுகிறேன்.